விற்றுப் பழகிய கை

மருந்துக் கம்பெனியிலோ சோப்புக் கம்பெனியிலோ முப்பது, முப்பத்தைந்து வருஷம் விற்பனைப் பிரதிநிதியாக அலைந்து ஓய்வு பெற்று, பிறகு ரத்ததானம், கண்தானம் என்று ஊர்க் காரியங்களில் பெயர் வாங்கிய ஒருவர் இறந்துபோனால், படத்திறப்பில் பேச வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். "அத்தனை வருஷம் கம்பெனிக்காக ஓடினார், ஓய்வுக்குப் பிறகு ஊருக்காக வாழ்ந்தார்." அடுத்து மைக்கைப் பிடிக்கிறவர் ஒரு படி மேலே போவார்: "வயிற்றுக்காக விற்றவர், புண்ணியத்துக்காகக் கொடுத்தார்." கைதட்டல் விழும். குடும்பத்தார் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒரு மனிதர் உழைத்த காலம் முழுவதையும் அவர் படத்துக்கு முன்னாலேயே கணக்கிலிருந்து கழித்துவிட்டோம் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

இந்தப் பேச்சு தப்பு. மரியாதைக் குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நடந்ததற்கே அது மாறானது. அவருடைய தொண்டு அவருடைய தொழிலிலிருந்து பிறந்தது. விற்கக் கற்ற அதே வித்தையைத்தான் அவர் ஊருக்குச் செலவழித்தார். அதை மறைத்துவிட்டுப் பாராட்டினால் மிஞ்சுவது ஒரு நல்ல மனசு. நல்ல மனசைக் கும்பிடலாம். பாடமாகப் படிக்க முடியாது. படிக்கக்கூடியதாக அவரிடம் இருந்ததை நாமே மாலை போட்டு மூடிவிடுகிறோம்.

நான் மனத்தில் வைத்து எழுதுகிறவர், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு காவிரிப் படுகை முழுக்கச் சுற்றிய ஒரு மெடிக்கல் ரெப். பெயர் சொன்னால் பேச்சு அவரோடு முடிந்துவிடும். இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு என்பதால் பெயர் இல்லாமலே இருக்கட்டும்.

ரெப் வேலை என்றால் டை கட்டிக்கொண்டு, சிரித்த முகமாக டாக்டர் அறைக்குள் நுழைவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே கிடைப்பது இரண்டு நிமிஷம். அதற்கு முன்னால் வராந்தாவில் நிற்பது ஒன்றரை மணி நேரம். நோயாளிகள் எல்லாரும் போன பிறகுதான் ரெப். பல கிளினிக்குகளில் அதற்கு போர்டே தொங்கும். தோளில் சாம்பிளும் லிட்டரேச்சரும் அடைத்த பை. திங்கள் மன்னார்குடி, செவ்வாய் திருவாரூர், புதன் மயிலாடுதுறை என்று டூர் புரோகிராமை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார், எந்த மெடிக்கல் ஷாப்பில் சரக்கு தீர்ந்திருக்கிறது என்று ராத்திரி உட்கார்ந்து டெய்லி ரிப்போர்ட் போட வேண்டும். மாதக் கடைசியில் குளோசிங். ஸ்டாக்கிஸ்டிடம் எது தேங்கிக் கிடக்கிறது, எது காலாவதியாகப் போகிறது, டார்கெட்டுக்கு எவ்வளவு பாக்கி என்று அன்று தூக்கம் கெடும். பத்து இடத்தில் பேசினால் எட்டு இடத்தில் "பார்க்கலாம்" என்பார்கள். அந்தப் "பார்க்கலாம்" எங்கே நிஜம், எங்கே வேண்டாம் என்பதன் நாகரிகமான வடிவம் என்று தெரிந்தவன்தான் இந்த வேலையில் நிலைப்பான்.

இனி அவருடைய ரத்தக் கொடையாளர் நோட்டைப் பார்ப்போம். நீளமான கோடு போட்ட நோட்டு. இடது ஓரத்தில் ரத்த வகை, பிறகு பெயர், ஊர், போன் நம்பர், கடைசியாகக் கொடுத்த தேதி, அடுத்து எப்போது கேட்கலாம் என்கிற தேதி. ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது விதி. அதைக் கூட்டி முன்கூட்டியே எழுதியிருப்பார். வலது ஓரத்தில் பென்சில் குறிப்பு: "நைட் ஷிஃப்ட், காலையில் கூப்பிடாதே." "அம்மாவுக்குத் தெரியக் கூடாது." "ஊசிக்குப் பயம், கூட ஆள் வேண்டும்." "நெகட்டிவ், அவசரத்துக்கு மட்டும்." கம்பெனி காலத்தில் அவர் வைத்திருந்த டாக்டர் லிஸ்ட்டும் இதே அமைப்புதான். அங்கே "குழந்தை டாக்டர், சிரப் மட்டும் பேசு", "சனிக்கிழமை கோயில், போகாதே" என்றிருக்கும். முதல் நோட்டு எழுதாதவரால் இரண்டாவது நோட்டை எழுதியிருக்க முடியாது. படத்திறப்பில் பேசியவர்கள் இரண்டாவதைக் கையில் தூக்கிக் காட்டினார்கள். முதலாவதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ரத்தம் என்றதும் நம் ஊரில் எல்லாருக்கும் முகாம்தான் ஞாபகம் வரும். தலைவர் பிறந்த நாள், நடிகர் பிறந்த நாள், சங்கத்து ஆண்டு விழா. ஒரே நாளில் இருநூறு பேர் படுத்துக் கொடுப்பார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். நம்மவர் முகாமுக்கு எதிரியில்லை, ஆனால் அதில் மயங்கியவரும் இல்லை. சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தால் 35 முதல் 42 நாள் வரை தாங்கும். தட்டணுக்கள் ஐந்தே நாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு வந்தால் கேட்பது தட்டணுக்களை. போன மாதம் முகாமில் கொடுத்தது அன்றைக்கு ஒரு சொட்டும் உதவாது. மே மாதம் கல்லூரிகள் மூடிவிடும். கொடுக்கிற பையன்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ரத்த வங்கியில் அலமாரி காலியாகும். பிரசவங்களும் விபத்துகளும் லீவு எடுப்பதில்லை.

சரக்கு தேங்கினால் கெட்டுப்போகும், தீர்ந்துபோனால் ஆளைக் கெடுக்கும் என்பதை ஒவ்வொரு மாதக் குளோசிங்கிலும் அனுபவித்தவருக்கு இதை யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. உற்சாகமாக வருகிற இளைஞனிடம், "தம்பி, இன்னிக்கு வேண்டாம். மே பதினஞ்சு தேதிக்கு மேல கூப்பிடறேன், அப்ப வந்தா போதும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் துணிச்சல் அவருக்கு இருந்தது. வெறும் நல்ல மனசுக்காரர் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார். வந்தவரைப் படுக்க வைத்துப் படம் எடுத்துக்கொள்வார். தொண்டு செய்ய அன்பு போதும் என்கிறவர்கள் இந்த இடத்துக்குப் பதில் சொல்லட்டும்.

கண்தானம் இன்னும் கடினம். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். உறுதிமொழிப் படிவத்தில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அந்த நேரத்தில் வீட்டார் சம்மதித்தால்தான் நடக்கும். படிவமே இல்லாதவர் விஷயத்திலும் வீட்டார் சம்மதித்தால் நடக்கும். ஆக, எல்லாம் துக்க வீட்டு வாசலில் ஒருவர் போய்க் கேட்பதில் இருக்கிறது. கேட்பதற்கு இதைவிடக் கூசும் இடம் உலகத்தில் கிடையாது. பேச்சாளர்கள் இதை "அவருடைய கருணை" என்று ஒரே வரியில் தாண்டிப் போனார்கள். கருணை நம்மில் பலருக்கும் இருக்கிறது. அந்த வாசலில் போய் வாய் திறக்கத்தான் வராது.

அவர் எப்படிக் கேட்டார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஷாமியானா கட்டிக்கொண்டிருப்பார்கள், பறை வந்திருக்காது, உள்ளே அழுகை. அவர் நேராக உள்ளே போக மாட்டார். வாசலில் நின்று, வெளியூர்ச் சொந்தங்களுக்கு போன் போடுவது யார், பந்தலுக்குப் பணம் கொடுப்பது யார் என்று கவனிப்பார். முடிவெடுக்கிற ஆள் அவர்தான்; பெரும்பாலும் மருமகனாகவோ பங்காளியாகவோ இருக்கும். அவரை ஓரமாக அழைத்து, "அண்ணே, அந்த ஃபேனை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. கண்ணை மூடி ஈரப் பஞ்சு வெச்சு, தலைக்கு ரெண்டு தலகாணி கொடுங்க. மத்தது அப்புறம் பேசிக்கலாம்" என்பார். அவ்வளவுதான். கேள்வியே கேட்கவில்லை. ஆனால் கருவிழி காயாமல் இருக்கும். வீட்டார் யோசிக்க நேரம் கிடைக்கும். எதற்கு என்று அவர்களே கேட்பார்கள்.

கேட்ட பிறகுதான் சொல்வார்: இருபது நிமிஷ வேலை, ஆள் இங்கேயே வருவார், முகம் குழிந்துபோகாது, சடலம் எடுக்கும் நேரம் மாறாது, கண்ணாடி போட்டிருந்தாலும் சர்க்கரை இருந்தாலும் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தாலும் தடையில்லை, இரண்டு பேருக்குப் பார்வை வரும். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் கும்பிட்டுவிட்டு, கூட்டத்தோடு உட்கார்ந்துவிடுவார். பதினாறாம் நாள் காரியத்துக்கும் போவார். அன்றைக்குக் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அடுத்த முறை அந்தத் தெருவில் ஒரு சாவு விழுந்தால் அந்த வீட்டுக்காரரே போன் பண்ணுவார். "பார்க்கலாம்" என்ற டாக்டரிடம் முகம் கோணாமல் அடுத்த மாதமும் போய் நின்ற பழக்கம் இல்லாமல் இது எங்கிருந்து வரும்?

இங்கே எதிர்ப்பக்கத்தார் சொல்லக்கூடியது எனக்குத் தெரியும். "ரெப் வேலையை இப்படித் தூக்கிப் பிடிக்கிறீர்களே, டாக்டர்களுக்குப் பரிசும் விருந்தும் கொடுத்து மருந்து எழுத வைக்கிற தொழில்தானே அது?" நியாயமான கேள்வி. டாக்டர்கள் மருந்துக் கம்பெனிகளிடம் பரிசு வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் 2009-இல் விதி போட வேண்டியிருந்தது. அப்படிக் கொடுக்கும் பரிசுகளுக்கு வருமான வரியில் கழிவு கிடையாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2024-இல் மருந்து விற்பனைக்கென்று புதிய நடத்தை விதித் தொகுப்பு வந்தது. புகை இல்லாமல் இத்தனை தண்ணீர் யாரும் கொட்ட மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பரிசுப் பட்டியலைத் தயாரித்தது யார்? ரெப் அல்ல. பம்பாயிலோ ஆமதாபாத்திலோ உட்கார்ந்திருந்தவர்கள் தீர்மானித்தார்கள். இவர் பையில் வைத்து எடுத்துப் போனார். இவர்களை ஊழியர் என்று ஏற்கவே சட்டத்துக்குத் தயக்கம் இருந்தது. நியமனக் கடிதம், விடுப்பு போன்ற அடிப்படைகளுக்கே 1976-இல் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கென்று தனிச் சட்டம் வர வேண்டியிருந்தது. தொழில் தகராறு சட்டத்தின் பொருளில் மெடிக்கல் ரெப் தொழிலாளி ஆகமாட்டார் என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லாபம் மேலே போயிற்று, பழி மட்டும் கீழே தங்கியது. அந்தப் பழியைப் படத்திறப்பிலும் அவர் தலையிலேயே வைப்பது என்ன நியாயம்?

இன்னொன்றும் உண்டு. பரிசு மனிதனை என்ன செய்யும் என்று பரிசு கொடுத்தவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு முகாமில் கொடையாளர்களுக்கு சில்வர் டப்பாவும் சுவர்க் கடிகாரமும் கொடுக்கலாம் என்று சங்கத்தில் சொன்னபோது ஒற்றை ஆளாக எதிர்த்தவர் அவர். "டப்பாவுக்காக வர்றவன் மஞ்சக்காமாலை வந்ததை மறைப்பான்" என்றார். நாட்டின் ரத்த வங்கி வரலாறு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் பணத்துக்கு ரத்தம் விற்பவர்களை நம்பித்தான் நம் ஆஸ்பத்திரிகள் ஓடின. சாப்பாட்டுக்கு வழியில்லாதவன் நோயை மறைத்து, இடைவெளி பாராமல், ரத்தமே இல்லாத உடம்பிலிருந்து கொடுத்தான். 1996-இல் உச்ச நீதிமன்றம் இதை நிறுத்தச் சொன்னது. 1998 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி வாசல்களிலேயே வாழ்ந்த மனிதர் நம்மவர். எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்ற எல்லை விற்பவன் கண்ணுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் உயர்ந்த தொனியில் வரும். "தொண்டு என்றால் கணக்குப் பார்க்கக் கூடாது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது." பணம் கொடுக்கிறவருக்கு இது பொருந்தும். ஆள் சேர்க்கிறவருக்குப் பொருந்தாது. யார் எப்போது கொடுத்தார் என்று இடது கைக்குத் தெரியாவிட்டால், ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே இருக்கிற பெண்ணை மறுபடியும் மறுபடியும் வரவழைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்போம். கணக்கு வைத்திருந்ததால்தான் அவரால் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரே போனில் ஆள் பிடிக்க முடிந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவத்துக்கு ரத்தம் தேவை என்றால், நாற்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் பறக்கவிட்டு யாராவது வருவார்களா என்று காத்திருப்பது நம் வழக்கம். நோட்டைத் திறந்து, கொடுக்கத் தகுதியான மூன்று பேரில் பக்கத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுவது அவர் வழக்கம். இதில் எது அன்பு என்று உள்ளே படுத்திருக்கிறவளைக் கேட்டால் சொல்வாள்.

மூன்றாவது ஆட்சேபம் தோள் மேல் கை போட்டுக்கொண்டு வரும்: "ரிட்டையர் ஆனவர், பொழுது போக வேண்டாமா?" சர்க்கார் வேலையில் இருந்து மாதா மாதம் பென்ஷன் வாங்குகிறவரைப் பார்த்து இதைச் சொன்னாலாவது அரைகுறையாக நிற்கும். தனியார் கம்பெனி ரெப்புக்கு அப்படியென்ன பென்ஷன்? வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகையை 2014-இல் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். பலருக்குக் கிடைப்பது அதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. பஸ் கட்டணமும் போன் செலவும் சொந்தக் காசு. தவிர, அவர் இதைத் தொடங்கியது ஓய்வுக்கு முன்னால். டாக்டரைப் பார்க்கப் போன இடத்தில் ரத்தத்துக்காக அல்லாடிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு ஆள் தேடிக் கொடுத்ததில் தொடங்கி, லைனில், அதாவது வேலைக்காக வழக்கமாகச் சுற்றும் தடத்தில், இருந்த ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மூன்று மெடிக்கல் ஷாப் பையன்களைப் பழக்கிவைத்தார். 58 வயதில் அவர் விட்டது சம்பளத்தை மட்டும்தான், லைனை விடவில்லை.

இத்தனைக்குப் பிறகும் "முன்பாதி பிழைப்பு, பின்பாதி புண்ணியம்" என்ற பிரிவினை நமக்கு ஏன் இவ்வளவு இயல்பாக வருகிறது? பட்டினத்தார் கதையில் ஊறிய மனம் நம்முடையது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், ஒரு நாள் உலகம் புரிந்தது, கடையைத் துறந்து கோவணத்தோடு கிளம்பினார். வியாபாரி நல்லவனாக வேண்டுமென்றால் வியாபாரத்தை விட வேண்டும் என்று அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டோம். அதே காவிரிக் கரையில் இன்னொரு கதையும் இருக்கிறது. பெரிய புராணத்தில் வரும் அமர்நீதி நாயனார் பழையாறையில் பொன்னும் மணியும் பட்டும் விற்ற வணிகர். கடையை மூடவில்லை. விற்றுக்கொண்டே அடியார்களுக்குத் துணியும் சோறும் கொடுத்தார். பிரம்மச்சாரி வேடத்தில் வந்த சிவன் கொடுத்து வைத்த கோவணம் காணாமல் போனபோது, அவருக்குச் சோதனை வந்தது தராசில்தான். கடைச் சரக்கு எல்லாம் ஏற்றியும் தட்டு சமமாகாமல், கடைசியில் மனைவி, மகனோடு தானே ஏறி நின்றார். வணிகரின் கருவியை வைத்தே வணிகரின் பக்தியை அளந்திருக்கிறார் சேக்கிழார். வள்ளுவரும் பிறர் பொருளைத் தன் பொருள்போலக் காக்கும் வாணிகத்தைப் பற்றிச் சொன்னபோது, அதைத் துறவறத்தில் வைக்கவில்லை. நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்தார்.

நம்மவர் அமர்நீதியாரின் வழியில் வந்தவர். பழையாறை அவருடைய லைனிலேயே, கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பட்டினத்தார் பக்கத்தில் நிறுத்துவது நம் வசதிக்காக. துறவி என்று சொல்லிவிட்டால் நாம் தப்பித்துக்கொள்ளலாம். துறவியைப் பின்பற்றச் சொல்லி யார் நம்மைக் கேட்கப் போகிறார்கள்? வேலை பார்த்துக்கொண்டே, டார்கெட்டுக்கு ஓடிக்கொண்டே, மேனேஜரிடம் திட்டு வாங்கிக்கொண்டே ஒருவர் செய்தார் என்று ஒப்புக்கொண்டால் கேள்வி நம் பக்கம் திரும்பும். அதனால்தான் அவசர அவசரமாக மகான் ஆக்கிவிடுகிறோம்.

விளைவு கண்ணெதிரே தெரிகிறது. படத்திறப்புக்கு மண்டபம் நிறைந்தது. அவருடைய நோட்டு, வீட்டு அலமாரியில் கிடக்கிறது. அதிலுள்ள "அடுத்து கேட்க வேண்டிய தேதி"கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோய்க்கொண்டிருக்கின்றன. அதை எடுத்து நடத்த ஒரு மகான் வர வேண்டும் என்று ஊர் காத்திருக்கிறது. தேவை மகான் இல்லை. லைன் போட்டு வேலை பார்க்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இந்த மாவட்டத்திலேயே நிறைய இருக்கிறார்கள்: மருந்து, உரம், பெயின்ட், இன்ஷூரன்ஸ் விற்று ஓய்வு பெற்றவர்கள்; இன்றைக்கும் பைக்கில் பையை மாட்டிக்கொண்டு அலைகிறவர்கள். உங்கள் வித்தைதான் இதற்கு மூலதனம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டிய இடம் அந்தப் படத்திறப்பு மேடை.

ஆகவே, அடுத்து இப்படி ஒருவர் மறையும்போது மேடையேறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் எந்தக் கம்பெனியில் என்ன விற்றார், எந்த லைன், எந்த ஊர்களில் நின்றார் என்பதில் பேச்சைத் தொடங்குங்கள். எப்படிக் கேட்டார், மறுத்தபோது என்ன செய்தார், கணக்கு எப்படி வைத்தார் என்று விவரமாகச் சொல்லுங்கள். பிறகு அவருடைய நோட்டை மேடைக்கு வரவழைத்து, மன்னார்குடிப் பக்கங்கள் யாருக்கு, மயிலாடுதுறைப் பக்கங்கள் யாருக்கு என்று அங்கேயே பிரித்துக் கொடுத்துவிட்டுப் படத்தைத் திறந்து வையுங்கள்.